சங்கு ஊதினால் எந்தப் பக்கம்

நைனா,

உன் கல்யாணத்துக்குப் பந்தக்கால் நடும் நாள் கிட்டே வந்துவிட்டது. நீயோ லீவு கிடைக்கவில்லை என்று அந்தக் கடலோர ஊரிலேயே உட்கார்ந்திருக்கிறாய். வீடு முழுக்கத் தேங்காயும் தாம்பூலப் பையுமாகக் கிடக்கிறது. இந்த நேரத்தில் அம்மா எதற்குக் கடுதாசி எழுதுகிறாள், கையில் போன் இல்லையா என்று நீ சிரிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. போனில் பேசினால் நான் சாப்பிட்டாயா என்பேன், நீ சரிம்மா சரிம்மா என்பாய், அதோடு முடிந்துபோகும். இது அப்படி முடிகிற விஷயம் இல்லை. போன தடவை வந்தபோது நீ ஒரு கேள்வி கேட்டாய். அதற்குப் பதில் சொல்லாமல் எழுந்து போனேன். இப்போது பதில் இருக்கிறது.

நினைவிருக்கிறதா? கூடத்தில் பாயைச் சுருட்டிவிட்டு அந்தப் பெரிய வரைபடத்தை விரித்தாய். அது சுருண்டுகொள்ளாமல் இருக்க என் சமையலறை டப்பாக்களையெல்லாம் தூக்கி வந்து நாலு மூலைக்கும் வைத்தாய். கடலுக்குக் கடுகு டப்பா, ரயில் பாதைக்குப் பருப்பு டப்பா. நீங்கள் புதிதாகக் கட்டப்போகிற பெட்ரோகெமிக்கல் பேட்டை அது என்றாய். எண்ணெய் டாங்குகள் நீலம், மரம் நடுகிற பட்டை பச்சை, ஆட்கள் குடியிருக்கும் வீடுகள் மஞ்சள். சங்கு ஊதினால் ஜனங்கள் எந்த வழியாக வெளியேற வேண்டும் என்று சிவப்பில் அம்பு அம்பாகப் போட்டிருந்தாய். எல்லா அம்பும் பேட்டைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடின. தள்ளி ஒரு மூலையில் வெறும் வெள்ளையாக ஒரு இடம் இருந்தது. அது என்ன என்றேன். ஆபத்து நேரத்தில் ஜனங்கள் வந்து கூடுவதற்கு ஒரு காலி மைதானம், அதை எடுத்துவிட்டால் இன்னும் ரெண்டு டாங்கு கட்டலாம் என்று பெரிய அதிகாரி சொல்கிறார், கல்யாணம் முடிந்து போனதும் நான் கையெழுத்துப் போட வேண்டும் என்றாய். "வுட்டுடலாமான்னு பாக்கறேம்மா. அவ்ளோ தூரம் யாரு வந்து கூடப் போறாங்க?" என்றாய். அதோடு விட்டாயா? தலையைத் தூக்கிப் பார்த்து, "ஏம்மா, அன்னிக்கு சங்கு ஊதினப்ப நாம ஏன் கம்பெனி பக்கமா ஓடினோம்? எதிர்ப்பக்கம் ஓடியிருந்தா இவ்ளோ பேஜாரே இல்லியே" என்று கேட்டாய். மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த உன் அப்பா, "உங்கம்மா என்னிக்கு நான் சொன்ன பக்கம் போயிருக்கா" என்று குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்குச் சுர்ரென்று வந்தது. "ரசம் ஆறுது, துன்னுட்டுப் பேசுங்க ரெண்டு பேரும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கம்பெனியைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. திட்ட வேண்டியதை அந்தக் காலத்திலேயே வாய் வலிக்கத் திட்டியாகிவிட்டது. மணலியில் அந்த மதில் சுவரை ஒட்டின தெருவில்தான் நீ பிறந்தாய். உன் அப்பா உள்ளே மூட்டை அடுக்கினார், காண்ட்ராக்ட் ஆள். நான் வெளியே கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளி இட்லிக் கடை போட்டேன். லாரி டிரைவர்களும் ஷிப்டு முடிந்து வருகிற ஆட்களும் தின்ற இட்லிதான் உன் பள்ளிக்கூட யூனிபாரம், உன் இன்ஜினியரிங் காலேஜ், உன் வாயில் இப்போது வருகிற இங்கிலீஷ், எல்லாம். கொடியில் வெள்ளைச் சட்டை காயப்போட்டால் சாயங்காலம் பழுப்பாகத்தான் எடுப்போம். கண் எரியும். தண்ணீரில் எண்ணெய் மிதக்கும். ஆனாலும் அடுப்பு எரிந்தது. நன்றி கெட்டவளாக நான் பேச மாட்டேன்.

அந்தச் சங்குதான் எங்கள் கடிகாரம். உங்கள் ஆபீசில் சைரன் என்பீர்கள், எங்களுக்குச் சங்கு. காலை ஷிப்டுக்கு ஊதினால் நான் முதல் ஈடு இறக்க வேண்டும். மத்தியானம் ஊதினால் தெருவே உலையில் அரிசி போடும். சனிக்கிழமை பத்து மணிக்கு மட்டும் நீளமாக ஒன்று ஊதுவார்கள். அது ஒத்திகை. நிஜமாகவே ஏதாவது ஆனால் எப்படி ஊதும் என்று ஜனங்களுக்குக் காட்டுவதற்காகக் கம்பெனி ஏற்பாடு செய்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் தெரு அதை என்ன செய்தது தெரியுமா? சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் நாள் இல்லையா, அந்த நீளச் சங்கு ஊதினால் ஆம்பளைப் பிள்ளைகளைப் பிடித்துத் தலையில் எண்ணெய் வைக்க வேண்டும் என்று ஆக்கிவிட்டோம். யார் ஆரம்பித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. சங்கு ஊதின உடனே வீட்டுக்கு வீடு ஒரு எண்ணெய்க் கிண்ணம் வெளியே வரும், பிள்ளைகள் தெறித்து ஓடும். நீ கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாய். உன் காலைப் பிடித்து இழுத்து வெளியே போடுவேன். ஊரில் ஆபத்துக்கு ஊதுகிற சங்கைக் கேட்டு எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடின ஜனங்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

அன்றைக்கும் சனிக்கிழமை. காற்றே அசையாத வெயில். சங்கு ஊதியது. பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஊதிவிட்டது. பக்கத்து வீட்டுத் தனம், இடுப்பில் கைக்குழந்தையோடு நின்றுகொண்டு, "யக்கா, வாச்சுமேன் கடியாரம் இன்னிக்கு எகிறிகினு ஓடுது" என்று சிரித்தாள். நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் குனிந்தேன். உன் தலையில் எண்ணெய் ஊற்றித் தேய்க்க ஆரம்பித்த பிறகும் சங்கு நிற்கவில்லை. நாலு வீட்டுப் பிள்ளைகள் எண்ணெய் வழிய நிற்கிறார்கள், அது பாட்டுக்கு ஊதிக்கொண்டே இருக்கிறது. அப்புறம்தான் அந்த நெடி வந்தது. மூக்குக்குள் ஊசி விட்டது மாதிரி. நிமிர்ந்து பார்த்தால் மதில் சுவருக்கு மேலே வெள்ளையாகப் புகை. மேலே போகவில்லை. சுவரைத் தாண்டிச் சாக்கடையோடு தவழ்ந்து வந்தது.

தெருமுனையில் கம்பெனி ஒரு போர்டு வைத்திருந்தது, உனக்கு நினைவிருக்காது. சங்கு ஊதினால் கம்பெனியை விட்டு விலகி, காற்றுக்குக் குறுக்கே நடக்கவும் என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கும். அந்தப் போர்டுக் கம்பத்தில்தான் நான் துணிக்கொடி கட்டியிருந்தேன். தினம் மூன்று வேளை பார்த்த எழுத்து அது. படிக்கத் தெரியாதவளா நான்? எஸ்எஸ்எல்சி வரைக்கும் படித்தவள்தானே? ஆனால் அன்றைக்கு அந்தத் தெருவில் ஒரு பொம்பளை அந்தப் பக்கம் திரும்பவில்லை. நான் உன் கையைப் பிடித்தேன், தனம் கைக்குழந்தையை இடுப்பிலும் பெரிய பெண்ணைக் கையிலும் பிடித்தாள், தெருவே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டைப் பார்த்து ஓடியது. ஏன் என்று கேட்டாயே நைனா, உள்ளே இருந்தது எங்கள் ஆட்கள். வேறு எங்கே ஓடச் சொல்கிறாய்? இன்றைக்குச் சங்கு ஊதினாலும் நான் அங்கேதான் ஓடுவேன். இதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

கேட்டில் கோதண்டம் மாமா நின்றிருந்தார். நம் கடையில் தினம் நாலு இட்லி தின்று, சட்னி தண்ணியாக இருக்கிறது என்று தினமும் வம்பு பண்ணுவாரே, அந்த வாட்ச்மேன்தான். பேசின் பிரிட்ஜிலிருந்து பஸ் பிடித்து வேலைக்கு வருவார். கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணிலும் மூக்கிலும் நீர் ஒழுக நின்றார். முகமூடி கிடையாது, ஒரு ஈரத் துண்டு மட்டும்தான். நான் கம்பியைப் பிடித்து உலுக்கினேன். "அண்ணே, எங்க வூட்டுக்காரு உள்ள கீறாரு, கதவத் தொறங்க" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்தார். "உன் வூட்டுக்காரன் அப்பவே வெளிய வந்துட்டாம்மா. கடக்கரை பக்கம் ஓடிகினு கீறான். இங்க இன்னா பண்ற? புள்ளய இட்டுகினு போ, ஜல்தியா போ, போய் புடி" என்றார். அவ்வளவுதான். என் கால் தானாகத் திரும்பிவிட்டது. போர்டு திருப்பாத காலை அந்த ஒரு வார்த்தை திருப்பியது. எனக்குப் பின்னால் தனத்திடமும் அவர் ஏதோ சொல்வது கேட்டது. அவளும் ஓடி வந்தாள். கொஞ்ச நேரத்தில் தெருவே கிழக்கே கடலைப் பார்த்து ஓடியது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்கும் நினைவிருக்கும். கால்வாய்ப் பாலம் தாண்டினால் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. ஒரு சரக்கு ரயில் முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. முன்னாலும் பின்னாலும் டாங்கர் லாரிகள் நெருக்கிக்கொண்டு நின்றன. பின்னால் நெடி, முன்னால் ரயில். என் வாழ்க்கையிலேயே அவ்வளவு நீளமான ரயிலை நான் பார்த்ததில்லை. உன் வரைபடத்தில் ரயில் கேட் குறுக்கிடாத ஒரு ரோட்டை நீயே தனியாகப் போட்டு வைத்திருந்தாயே, அதை நான் பார்த்தேன். நான் சொல்லித் தரவில்லை. அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளை மறக்காமல் அதைப் போட்டிருக்கிறது. அந்த ஒரு கோட்டுக்காகவே உனக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். பெற்ற பிள்ளைக்கு யாராவது நன்றி சொல்வார்களா என்று உன் அப்பா கேட்கிறார். நான் சொல்வேன்.

கடற்கரையில் காற்று இருந்தது. மூச்சு வந்தது. வலை பின்னிக்கொண்டிருந்த பொம்பளைகள் எங்களைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தார்கள். ஒருத்தி பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, "இன்னாமே இது, எல்லாப் பசங்களும் எண்ண சட்டில வுயுந்து எயுந்து வந்த மாதிரி கீதுங்க?" என்று கேட்டாள். அழுதுகொண்டே சிரித்தேன். அந்தக் குப்பத்தில் குடிதண்ணீருக்கு என்ன பாடு என்று உனக்குத் தெரியும். லாரி வந்தால்தான் உண்டு, வராவிட்டால் எங்கோ போய்க் குடம் குடமாகச் சுமந்து வர வேண்டும். அந்தத் தண்ணீரைத்தான் உங்கள் கண்ணில் ஊற்றி ஊற்றிக் கழுவினார்கள். குடம் காலியானால் அடுத்த வீட்டுக் குடம் வந்தது. ஒருத்தி கூடப் போதும் என்று சொல்லவில்லை. பிறகு படகு நிழலில் உட்கார வைத்துச் சோறும் நெத்திலிக் குழம்பும் போட்டார்கள். உனக்கு இன்றைக்கும் கண்ணாடி இல்லாமல் பார்வை இருக்கிறதென்றால் அது அந்தக் குடங்கள். உங்கள் பேட்டை வரப்போகிற கடலோரத்திலும் இப்படி ஒரு குப்பம் இருக்கும். அங்கே போய்க் கூட்டம் போடும்போது கையைக் கட்டிக்கொண்டு நின்று கேள். நாற்காலியில் கால்மேல் கால் போட்டுப் பேசாதே.

சாயங்காலமாக உன் அப்பா வந்தார். கண் இரண்டும் பழம் மாதிரி சிவந்து, முழங்கைத் தோல் வழன்று, மணலில் தள்ளாடித் தள்ளாடி வந்தார். ஊர் பார்க்க அவர் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். "அப்பவே வந்துட்டேன்னு கோதண்டம் அண்ணே சொன்னாரே, இவ்ளோ நேரம் எங்க போன?" என்றேன். "நான் எங்க கேட்டாண்ட வந்தேன்? பின்னாடி மதில் ஏறிக் குதிச்சி, முள்ளுல வுயுந்து, சுத்திகினு வரேன்" என்றார். அது என் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. ஆள் வந்துவிட்டார், அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? பக்கத்தில் தனம் நின்று வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டுகிற வரைக்கும் பார்த்தாள். அவள் வீட்டுக்காரர் வரவில்லை. மறுநாள்தான் உள்ளேயிருந்து எடுத்தார்கள்.

இத்தனை வருஷமும் கோதண்டம் மாமா உன் அப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அப்பா மதில் ஏறிக் குதித்தார் என்பதும் தெரியும், அப்பவே வெளியே வந்துவிட்டார் என்று மாமா கேட்டில் சொன்னதும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நாளும் தோன்றவில்லை. போன வாரம் பத்திரிகை வைக்க நானும் அப்பாவும் பேசின் பிரிட்ஜ் போனோம். கோதண்டம் மாமா அங்கே ரயில் யார்டுக்குப் பின்னால் மகள் வீட்டில் இருக்கிறார். ஆள் பாதியாகிவிட்டார். நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிறது. தட்டில் பத்திரிகையும் பழமும் வைத்துக் கொடுத்து, "அண்ணே, அன்னிக்கு நீங்க இவரப் பாத்து சொன்னதாலதான் நானும் எம் புள்ளயும் திரும்பினோம். நீங்கதான் முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும்" என்றேன்.

அவர் பத்திரிகையைப் பிரிக்கவே இல்லை. "நான் எங்க தங்கச்சி பாத்தேன்?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். "காண்ட்ராக்ட் ஆளுங்க பேரு கேட்டாண்ட எங்க கீது? தலைய எண்ணி உள்ள வுடுவோம். அவ்ளோதான். யாரு உள்ள, யாரு வெளிய, எனக்கு இன்னா தெரியும்? நீ ஒருத்தியா வந்தே? தெருவே வந்து கம்பியைப் புடிச்சிகினு நிக்குது. இடுப்புல கொயந்தைங்க. பொகை காலாண்ட வந்துடுச்சி. போங்க போங்கன்னு கத்தினேன், ஒருத்தியும் நவுரல. தெரியாதுன்னு சொன்னா நவுருவாளா? அத்தொட்டு எல்லாருக்கும் அதே பாட்டத்தான் பாடினேன். உன் ஆளு வந்துட்டான், கடக்கரைக்குப் போயிட்டான்னு." கொஞ்ச நேரம் இருமினார். "உன் ஆளு நெஜமாவே வந்துட்டான். நல்லதாப் போச்சி. அந்தப் பொண்ணு ஒண்ணு இருந்துச்சே, ரெண்டு கொயந்தையோட... அதாண்டயும் அதான் சொன்னேன். அது நாளெல்லாம் கரையில தேடிச்சாம். அப்பறம் நான் அந்தத் தெரு பக்கமே போகல" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். "மெய்யாலுமே இல்லாதத எப்படிண்ணே வாய்கூசாம சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டேன். அப்பா என் கையை அழுத்தினார். கோதண்டம் மாமா கோபித்துக்கொள்ளவில்லை. "இன்னா பண்ண சொல்ற?" என்று மட்டும் கேட்டார். அவர் மகள் கொண்டு வந்த டீ ஆறிப்போயிற்று. அந்த ஆள் அன்றைக்கு எத்தனை பேர் வீட்டு விளக்கை அணையாமல் காப்பாற்றினார் என்று எண்ணிப் பார்த்தேன். தனத்தின் முகமும் கூடவே வந்தது. எழுந்து அவர் காலில் விழுந்துவிட்டு வந்தேன்.

மறுநாள் நான் மட்டும் வியாசர்பாடிக்குத் தனத்தைப் பார்க்கப் போனேன். அவளுக்கும் பத்திரிகை வைக்க வேண்டுமே. அன்றைக்குக் கையில் பிடித்து ஓடி வந்த அந்தப் பெரிய பெண் நர்சிங் படித்து முடித்துவிட்டாள், தெரியுமா? எனக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு டியூட்டிக்குக் கிளம்பினாள். அவள் போன பிறகு மெதுவாக விஷயத்தை எடுத்தேன். சொல்வதா வேண்டாமா என்று வழியெல்லாம் குழம்பியிருந்தேன். தனம் பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எனக்கு அன்னிக்கு சாயங்காலமே தெரியுங்க்கா" என்றாள். "உன் வூட்டுக்காரரு மதில் ஏறிக் குதிச்சேன்னு சொன்னாரே, நான் பக்கத்துலதானே நின்னுகினு இருந்தேன். அந்த ஆளு எல்லாருக்கும் ஒரே மாதிரி சொல்லிகீறாருன்னு அப்பவே புரிஞ்சிடுச்சி. வயிறு எரிஞ்சிச்சி. ரொம்ப நாளு எரிஞ்சிச்சி. எம் புருஷன் உள்ள கெடக்க, நான் கரையில வேடிக்கை பாத்துகினு நின்னுகீறேனேன்னு." வெளியே மகள் தெருமுனை திரும்புகிற வரைக்கும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆனா தெரியாதுன்னு சொல்லியிருந்தாரு வை, நான் அங்கியே நின்னிருப்பேன். இதுங்க ரெண்டும் இருந்திருக்காது. செத்துட்டாருன்னு மெய்ய சொல்லியிருந்தாக்கூட கொயந்தைங்கள தூக்கிகினு திரும்பியிருப்பேன். அத சொல்றதுக்கு அங்க ஆள் இல்ல. அதுக்கு அவரு இன்னா பண்ணுவாரு பாவம்?" என்றாள். மாமா அதற்கப்புறம் நம் தெருப் பக்கமே போகாததையும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். வாசல் வரை வந்து, "மண்டபத்துல அவர எனக்குப் பக்கத்துல ஒக்கார வெய். அவருக்கு நானே எல போடறேன். எங்க தெரு பக்கம் வரமாட்டாராமா? வரச் சொல்லு" என்றாள். அழுகை வரவில்லை அவளுக்கு. எனக்குத்தான் வந்தது.

இப்போது உன் வரைபடத்துக்கு வருகிறேன். எந்த வாயு எவ்வளவு தூரம் போகும், டாங்குக்கும் டாங்குக்கும் எவ்வளவு இடைவெளி, எந்த மரம் தூசியைப் பிடிக்கும், இதெல்லாம் உனக்குத் தெரியும். நீ சொல்லச் சொல்ல எனக்குப் பாதிதான் புரிந்தது, ஆனால் பெருமையாக இருந்தது. கம்ப்யூட்டர் வேலைக்குப் போய் இதைவிடப் பெரிய சம்பளம் வாங்கியிருக்கலாம். அதை விட்டுவிட்டு இந்தப் படிப்பைப் படித்தாயே, அதற்கும் நன்றி. மதிலை ஒட்டி ஒரு வீடுகூட வரக்கூடாது என்று சண்டை போட்டு மஞ்சளைப் பச்சைக்கு அந்தப் பக்கம் தள்ளியிருக்கிறாய். நம் தெருவுக்கு அப்படிச் சண்டை போட யாரும் இருக்கவில்லை. நான் அந்த விஷயத்தில் வாயே திறக்க மாட்டேன். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், சங்கு ஊதினால் ஜனங்களின் கால் எந்தப் பக்கம் போகும் என்பது. நீ அம்புகளை வெளியே பார்த்துப் போட்டிருக்கிறாய். கால் உள்ளே பார்த்துத்தான் போகும்.

அதனால் அந்த வெள்ளை மைதானத்தை விட்டுக்கொடுக்காதே. அதை வெறும் காலி இடமாகவும் விடாதே. வெறும் மண்ணைப் பார்த்து எந்தப் பொம்பளையும் ஓட மாட்டாள். அங்கே போனால் என் ஆளைப் பற்றிச் சேதி கிடைக்கும் என்று அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். உள்ளே போகிற ஒவ்வொருத்தன் பேரும் கேட்டில் இருக்க வேண்டும், காண்ட்ராக்ட் ஆளாக இருந்தாலும் சரி, ஒரு நாள் கூலிக்கு வந்தவனாக இருந்தாலும் சரி, அவனுக்கும் பேர் உண்டு. யார் வெளியே வந்தான், யார் ஆஸ்பத்திரிக்குப் போனான் என்று அந்த மைதானத்தில் ஒருத்தர் மைக்கில் படிக்க வேண்டும். காற்று மாறினால் இன்னொரு பக்கமும் இதே மாதிரி ஒரு இடம் வேண்டும், அதை நீயே பார்த்துக்கொள். ஒத்திகை பார்க்கும்போது சங்கை மட்டும் ஊதிவிட்டு விடாதீர்கள், எங்களை மாதிரி எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவிடுவார்கள். பொம்பளைகளையும் பிள்ளைகளையும் அந்த மைதானம் வரைக்கும் நடக்க வைத்து, பேரையும் படித்துக் காட்டுங்கள். ஒரு வேளை சாப்பாடும் போட்டால் தவறாமல் வருவார்கள். நான் வேண்டுமானால் வந்து இட்லி ஊற்றித் தருகிறேன்.

உன் பெரிய அதிகாரி கேட்பார், ரெண்டு டாங்கை விட்டுவிட்டு இதெல்லாம் எதற்கு என்று. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் வீடு மதிலுக்குப் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான். நீ எடுத்துச் சொல். கோபப்படாமல் சொல், அந்தக் கோபம் உனக்கு என்னிடமிருந்து வந்தது, அதை வீட்டில் வைத்துவிட்டுப் போ. அப்படியும் மைதானத்தை எடுத்தால்தான் ஆயிற்று என்றால் கையெழுத்துப் போடாதே. வேலை போனால் போகட்டும், நாலு நாள் திட்டிவிட்டுச் சோறு போடுவேன். அப்பாவிடம் கேட்டேன். "அவன் போடமாட்டான், நீ வேற" என்கிறார். உன்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. எனக்கும் இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கடைசியாக ஒன்று. நேற்று ரேவதியைக் கூட்டிக்கொண்டு வண்ணாரப்பேட்டைக்குக் கூறைப்புடவை எடுக்கப் போனேன். நல்ல பெண். கடைக்காரரிடம் என்னைவிட நன்றாகப் பேரம் பேசுகிறாள், உனக்கு இனிமேல் இருக்கிறது. கல்யாணம் முடிந்ததும் உன்னோடு அந்த ஊருக்கு வந்து, நீ போட்ட மஞ்சள் வீடுகளில் ஒன்றில்தான் குடியிருக்கப் போகிறாள். நீ பகலெல்லாம் அந்த மதிலுக்கு உள்ளே இருப்பாய். புடவை மடிக்கிற நேரத்தில் சும்மா பேச்சுவாக்கில் கேட்டேன், "ஏம்மா, அந்த ஊர்ல சங்கு ஊதினா நீ எந்தப் பக்கம் ஓடுவ?" என்று. அவளுக்கு உன் அம்பும் தெரியாது, நம் கதையும் தெரியாது. என்னை ஒரு மாதிரி பார்த்தாள், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போல.

"அவரு எங்க இருக்காரோ அங்கதான் அத்தை" என்றாள்.

அந்தக் கேட்டில் அவளிடம் பொய் சொல்லித் திருப்புவதற்கு ஒரு கோதண்டம் மாமா இருப்பார் என்று நம்பி என்னால் தூங்க முடியாது நைனா. அவள் வந்து நிற்கிற இடத்தில், உன் பேரைத் தெரிந்த ஒருத்தர் இருக்கட்டும்.

உன் அம்மா